மாவுப்பூச்சி பிடித்த கொன்றை

கன்னிகா என் வேனில் இடது பக்க ஜன்னல் ஓரமாகத்தான் உட்காருவாள். திரும்பும்போது மலை அந்தப் பக்கம் வரும் என்பதுதான் காரணம். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் என்னுடையது. வரதய்யபாளையம் சுற்றுவட்டாரத்துப் பெண்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். போகும்போது எல்லோரும் தூங்குவார்கள், திரும்பும்போது எல்லோரும் பேசுவார்கள். கன்னிகா தூங்கவும் மாட்டாள், பேசவும் மாட்டாள். மலையைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

அவள் விஜயபுரம் பக்கத்துப் பெண். நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற சமவெளியில் பிறந்தவள். எங்கள் ஊர் ஹேமநாத்தைக் கட்டிக்கொண்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்தாள். வந்த புதிதில் கொன்றைக்கும் ஆவாரைக்கும் வித்தியாசம் கேட்டால் இரண்டும் மஞ்சள் பூதானே என்பாள். அப்படிப்பட்டவள் இன்று எந்த மாதத்தில் எந்தச் சரிவில் என்ன பூக்கும், அதில் என்ன புழு ஊரும் என்று சொல்கிறாள் என்றால், அது ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டது இல்லை. புருஷனைத் தேடப் போய்க் கற்றுக்கொண்டது.

அதைச் சொல்வதற்கு முன்னால் தழைக்கல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், ரோட்டை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. அதன் தலையில் ஒரு பிளவு உண்டு. மலை ஏறுகிறவன் அங்கே கைக்கெட்டுகிற செடியில் ஒரு தழையை ஒடித்துப் பிளவில் செருகிவிட்டுப் போக வேண்டும். இறங்கி வந்ததும் தன் தழையைத் தானே எடுத்து வீசிவிட வேண்டும். சாமிக்கு என்பார்கள் சிலர், மலைக்குக் கணக்குத் தெரியத்தான் என்பார்கள் சிலர். எதுவாக இருந்தாலும் பொழுது சாய்ந்த பிறகு கல்லில் தழை இருந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். யார் வீட்டு ஆள் என்றுகூடக் கேட்காமல் டார்ச்சும் கயிறும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அடுத்தவன் தழையைத் தொடக்கூடாது. தொட்டால் அவனுக்கு இறங்கும் வழி மறந்துபோகும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அருவியில் குளிக்கச் சென்னையிலிருந்து வருகிற கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. கல்லின் மேல் காலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பிளவில் சிகரெட்டை நசுக்குவார்கள். நான் வேனை நிறுத்தி நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போவேன். திட்டி என்ன, அடுத்த வாரம் வேறு கூட்டம் வரும்.

ஹேமநாத் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். லீவு நாளில் சும்மா இருக்க முடியாதவன். சிட்டிபாபு என்று அவனுக்கு ஒரு கூட்டாளி, ஊரைத் தாண்டிப் பப்பாளித் தோட்டம் வைத்திருக்கிறவன். இரண்டு பேரும் ஊறுகாய்க்கு மாகாளிக்கிழங்கு தோண்ட மலைக்குப் போவார்கள். போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியிலும் அப்படித்தான் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மலையில் ஐப்பசி மழை வந்தால் ஓடை பொங்க நேரம் ஆகாது.

சாயங்காலம் கன்னிகா குடையை எடுத்துக்கொண்டு தழைக்கல்லுக்கு வந்தாள். கல்லில் தழை இல்லை. இறங்கிவிட்டார், எங்கேயோ டீக்கடையில் ஒதுங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள். ஹேமநாத் வரவில்லை. விடிந்ததும் சிட்டிபாபுவைப் போய்க் கேட்டாள். "மேலயே பிரிஞ்சிட்டம்மா. எனக்கு முன்னாடி எறங்கிட்டான். நான் வரும்போது அவன் தழ கல்லுல இல்லியே" என்றான் அவன்.

தழை இல்லை என்ற பிறகு யார் மலையில் தேடுவார்கள்? பேருக்குக் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்தோம். ஓடை கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. தன் தழையைத் தானே எடுத்துப்போட்டுவிட்டுப் போனவனை மலையில் தேடுவது வெட்டி வேலை என்று போலீஸ்காரர் தெலுங்கில் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். அதன் பிறகு ஊர் வாய் திறந்துகொண்டது. சென்னையில் ஒருத்தி இருக்கிறாளாம், பெங்களூரில் பார்த்தார்களாம், இல்லை இல்லை சூளூர்பேட்டையில் பஸ் ஏறினானாம். என் வேனிலேயே, யாமினி என்று ஒரு பெண், வாய்க்குப் பூட்டே கிடையாது, கன்னிகா இறங்கின மறு நிமிஷம் ஆரம்பித்துவிடுவாள்.

ஊர் பேசினால்கூடப் பரவாயில்லை. ஹேமநாத்தின் அம்மா பொன்னியம்மாளே வாசலில் நின்று சொன்னாள்: "என் புள்ள ஓடித்தான் பூட்டான். இவ வாய்க்கு யார் குடும்பம் பண்ணுவாங்க?" பெற்றவளே இப்படிப் பேசுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கிழவியின் முகத்தையே நான் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கன்னிகா மட்டும் அதே வீட்டில் அவளுக்குப் பொங்கிப் போட்டுக்கொண்டு இருந்தாள். போவதற்கு வேறு இடம் இல்லாமல் இல்லை. விஜயபுரத்தில் அவளைப் பெற்ற நைனா வா வா என்றுதான் கூப்பிட்டார்.

ஒருநாள் வேனில் கடைசி ஆளாக இறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "செத்துப்பூட்டார்னு தெரிஞ்சா அழுதுருவேன்ணா. ஓடிப்பூட்டார்னா இன்னா பண்றது சொல்லு. அழவே வெக்கமா கீது." அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தாலியைத் தொடும்போதெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொள்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கேட்டு என்ன செய்ய, பதில் சொல்ல ஆள் இல்லை.

மாசி மாதத்தில்தான் முதல் பூ வந்தது. காலை ஷிப்ட் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். "வண்டிய நிறுத்துங்கண்ணா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நிறுத்தினேன். கன்னிகா இறங்கித் தழைக்கல்லுக்கு ஓடினாள். பிளவில் ஒரு கிளை செருகியிருந்தது. இலையே இல்லாத மொட்டைக் கிளை, நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூ.

"இது இன்னா பூவுண்ணா?"

கோங்கு. எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கொண்டகோகு என்று தெலுங்கில் சொன்னால்தான் தெரியும். அருவிக்கும் மேலே, மண்ணே இல்லாத பாறையில் நிற்கிற மரம். மாசியில் இலையெல்லாம் கொட்டிவிட்டுப் பூவை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும். இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மலை ஏறுகிறவன் கீழே இருக்கிற செடியில்தானே தழை ஒடிப்பான்? உச்சியில் பூக்கிற பூ, ஏறுகிறவன் வைக்கிற இடத்துக்கு எப்படி வந்தது? மேலே இருந்த யாரோ அதை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, கல்லில் வைத்துவிட்டுத் திரும்பவும் மேலே போயிருக்க வேண்டும்.

நான் பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவன் இல்லை. ஆனாலும் அன்று அந்தக் கிளையை நான் தொடவில்லை. கன்னிகாவும் தொடவில்லை. பூ வதங்கி, கறுத்து, தானாக விழுகிறவரை தினமும் இறங்கிப் பார்த்தாள். வேன் பெண்களுக்குப் பேச்சே நின்றுபோயிற்று. யாமினி அந்த இடம் வந்ததும் முந்தானையால் தலையை மூடிக்கொள்வாள்.

பிறகு கன்னிகா ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏற ஆரம்பித்தாள். தனியாக. "பைத்தியமா உனக்கு" என்று சத்தம் போட்டுப் பார்த்தேன். தன் தழையை ஒடித்து, கல்லில் செருகிவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிவிட்டாள். அவள் இறங்கித் தன் தழையை எடுக்கிறவரை எனக்கு இருப்புக் கொள்ளாது. டயர் பார்க்கிறேன், ஆயில் பார்க்கிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வேனை அங்கே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இறங்கி வந்து தான் பார்த்ததைச் சொல்வாள். கோங்கு மரத்தடியில் விழுந்த பூவின் மேல் சிவப்புப் பூச்சிகள், இரண்டு இரண்டாக வால் ஒட்டிக்கொண்டு, ஒன்று முன்னால் போனால் மற்றது பின்னால் நடக்கிறதாம். "எந்தப் பக்கம் போறதுன்னு அதுங்களுக்குள்ளயே சண்ட போல" என்றாள். புருஷன் காணாமல் போன பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பங்குனியில் கோங்கு காய்த்துப் பஞ்சு வெடித்தது. சித்திரையில் சரிவு முழுக்கக் கொன்றை. மரத்துக்கு மரம் பச்சைப் புழு, கொஞ்ச நாளில் அதே மரத்தைச் சுற்றி வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சி. கருவண்டு பூவின் மேல் உட்கார்ந்தால் கனம் தாங்காமல் சரமே தாழ்ந்து ஆடும் என்பாள். இதையெல்லாம் அவள் அழகுக்காகப் பார்க்கவில்லை. அடுத்து என்ன பூக்கும், அது எங்கே பூக்கும் என்று தெரிந்தால், பூ ஒடிக்க வருகிற ஆளை அங்கேயே போய்ப் பார்த்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

வைகாசியில் காட்டுமல்லி வந்தது. வெள்ளைக் கொத்து, கல்லில், காலையில். அந்த ஞாயிறு அவள் மலையிலிருந்து இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

சில்வண்டைப் பற்றிச் சொன்னாள். வெயில் மாதத்தில் மலை முழுக்க அதுதான் கத்திக்கொண்டிருக்கும், காது அடைத்துப்போகும். ஆள் கிட்டே போனால் அந்த இடத்தில் மட்டும் சட்டென்று நிறுத்திவிடும், தாண்டிப் போனால் மறுபடி தொடங்கும். அதனால் அவள் நடக்கிற இடத்தில் எப்போதும் கொஞ்சம் அமைதி கூடவே வரும். அன்று ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பாறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். எதிர்ச் சரிவில் சத்தம் நின்றது. பிறகு அதற்கு மேலே நின்றது. பிறகு இன்னும் மேலே.

"அங்க யாரோ நடக்கறாங்கண்ணா. மரம் மறச்சிக்கினு இருந்துச்சி, ஆள் தெரில. சத்தம் மட்டும் நின்னு நின்னு போவுது. அவர் பேர் சொல்லிக் கூப்ட்டேன்."

"அப்புறம்?"

"அந்த எடத்துலயே நின்னுடுச்சி. நான் கூப்ட்டது கேட்டு அவர் நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் எறங்கி அந்தப் பக்கமா பூட்டாரு. ஏண்ணா என்னாண்ட வரல?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குரங்காக இருக்கும், கரடியாக இருக்கும் என்று ஏதோ உளறினேன்.

அதன் பிறகு அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஹேமநாத் உயிரோடு இருக்கிறான், மேலே இருக்கிறான், தனக்குப் பூ அனுப்புகிறான். புரட்டாசியில் கார்த்திகைப்பூ வந்தபோது கொடியோடு சேர்த்து ஒரு புழுவும் வந்தது. கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த புழு. வேறு எந்தச் செடியையும் அது தின்னாதாம். விஷக்கொடியைத் தின்றே வளரும் என்று சொல்லி, அதை இலையில் ஏந்திக்கொண்டுபோய்ப் புதரில் விட்டாள். அவர் அனுப்பின புழுவை நான் எப்படிக் கொல்வது என்றாள். அவன் போன நாள் வந்தபோது, ஐப்பசியில், மேலே போய்விட்டு வந்து கிலுகிலுப்பைச் செடிகளைப் பற்றிச் சொன்னாள். காய்ந்த செடி முழுக்க இலை அடர்ந்து நிற்கிறதே என்று கிட்டே போனாளாம். எல்லாம் நீலப் பட்டாம்பூச்சி. இவள் நிழல் பட்டதும் மொத்தமும் எழுந்து போய், வெறும் குச்சி மட்டும் நின்றதாம். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். ஏன் அழுதாள் என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை.

இந்த வருஷம் மாசி வந்தது. உச்சியில் கோங்கு பூத்தது, கீழே ரோட்டிலிருந்தே மஞ்சளாகத் தெரிந்தது. கல்லில் மட்டும் எதுவும் இல்லை. கன்னிகா தினமும் இறங்கிப் பார்த்தாள். பூவெல்லாம் கொட்டித் தீர்ந்தது, பஞ்சும் பறந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் மயங்கி விழுந்தாள் என்று யாமினிதான் அவளைத் தாங்கிக்கொண்டு வந்து வேனில் ஏற்றினாள். அந்த வாய்க்குள்ளும் ஒரு நல்ல மனசு இருந்திருக்கிறது. "பூ வராட்டி போவுது விடு கன்னிகா" என்று தோளில் சாய்த்துக்கொண்டாள். "பூ இல்ல யாமினி, அவரு இல்ல" என்றாள் இவள்.

சித்திரையில் கொன்றை வந்தது. நான் சொல்வதற்குள் கன்னிகா பார்த்துவிட்டாள். வேன் நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். ஓடின ஓட்டத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. கல்லுக்கு முன்னால் போய் நின்றவள் நின்றபடியே இருந்தாள். என்ன ஆயிற்று என்று நானும் இறங்கிப் போனேன். முதல் தடவையாக அந்தக் கிளையை அவள் கையில் எடுத்திருந்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இது மல மேல பூத்தது இல்ல."

சரத்தின் காம்பில், இலைக்கு அடியில், வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கோலமாவு சிந்தினது போல் இருந்தது. விரலால் தேய்த்தாள், பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

"மாவுப்பூச்சி. எங்க ஊர்ல இதாலதான் நைனா பப்பாளி மொத்தத்தையும் வெட்டிப் போட்டாரு. செம்பருத்திய வேரோட புடுங்கினாரு. தோட்டத்துல வர்ற பூச்சி இது. மேல ஒவ்வொரு கொன்ற மரமா பாத்துட்டேன், எதுலயும் இது கெடையாது."

பப்பாளி என்று அவள் சொன்னதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊரில் பப்பாளித் தோட்டம் ஒன்றே ஒன்றுதான். அதன் வேலியில் ஒரு கொன்றை மரம் நிற்பது வேன் ஓட்டுகிற எனக்குத் தெரியாதா? தை மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தவன் அந்தத் தோட்டக்காரன். மலை ஏற முடியாமல் கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்தான்.

மற்றப் பெண்களை வீட்டில் இறக்கிவிட்டு நேராக அங்கே போனோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. பப்பாளி இலைகள் வெள்ளை பிடித்துச் சுருண்டு கிடந்தன. வேலியோரத்துக் கொன்றை பூத்துக் குலுங்கியது, கிட்டே போனால் கிளையெல்லாம் அதே மாவு. ஒரு கிளை புதிதாக ஒடிந்திருந்தது. சிட்டிபாபு கயிற்றுக்கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னிகாவின் கையில் இருந்ததைப் பார்த்தான். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சிட்டிண்ணா, இது உங்க வேலியில பூத்ததுதான?"

அவன் தலையை ஆட்டினான்.

"எல்லா பூவும் நீங்கதானா?"

அதற்கும் ஆட்டினான். "கால் நல்லா இருந்த வரிக்கும் மேல போயித்தான் கொணாந்தேம்மா. நீ கூப்ட்டதுகூட கேட்டுச்சி. அவன் பேரச் சொல்லிக் கூப்ட்ட. எனக்கு உசுரே பூட்ச்சி."

பிறகு சொன்னான். அவன் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"மழ புட்ச்சிக்குச்சி. நீ எறங்கினு இருடா, கெழங்கு மூட்டய மரத்துல மாட்டிட்டு வரேன்னான். பின்னாலயே வரான்னுதான் நெனச்சேன். கல்லாண்ட வந்து என் தழய எடுத்தேன். ரெண்டு பேருமே ஆவாரந்தழதான் வெச்சிருந்தோம், ஈரத்துல ஒட்டிக்கினு அவனுதும் கூடவே வந்துட்ச்சி. எது என்து எது அவனுதுன்னுகூட தெரில. திருப்பி செருவலாம்னு பாத்தேன். மழ கொட்டுது. இப்ப வந்துருவானே, அதுக்கு எதுக்குன்னு ரெண்டத்தையும் வீசிட்டு வூட்டுக்குப் பூட்டேன். காலைல நீ வந்து தழ இல்லன்னு சொன்ன. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது இன்னா பண்ணிக்கீறேன்னு. பயத்துல அவனே எடுத்துட்டான்னு சொல்ட்டேன். ஒரு வாட்டி சொன்னத மறுபடி மாத்த முடில."

"அப்புறம் எதுக்குய்யா பூ வெச்ச?" என்று கத்தினேன்.

"மலைக்கு அவன் எறங்கிட்டான்னுதான கணக்கு? அவன் மேலதான் கீறான் ஜெகா. நான் எடுத்தத நான்தான திருப்பி வெக்கணும். கீழ கெடக்கற தழய வெக்க மனசு வரல. அவன் இருக்கற மல மேல இருந்து கொணாந்து வெச்சேன்."

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். முட்டி பெயர்ந்தவன் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. கன்னிகா என் கையைப் பிடித்து விலக்கினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லக் கூசுகிறது, ஆனால் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது.

"அப்ப அவர் என்னை உட்டுட்டு ஓடல" என்றாள். "ஓடல இல்ல? ஓடவே இல்ல."

அது கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு அவளுக்கும் அடுத்தது தோன்றிவிட்டது. "நான் கொடய வெச்சிக்கினு அங்க நின்னனேண்ணா. கல்லாண்டயே நின்னேன். அப்ப அவர் மேல இருந்தாரு" என்றாள். அந்த நேரத்தில் அவனுக்கு உயிர் இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் டார்ச்சோடு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. அவள் பப்பாளி மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்கி அழுதாள். வெட்கப்படாமல் அழுதாள். நான் தடுக்கவில்லை. எத்தனை மாதத்து அழுகை அது.

அழுது முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிட்டிபாபுவிடம் சொன்னாள்: "ஊர்ல அப்புறம் சொல்லலாம். மொதல்ல எங்க அத்தயாண்ட வந்து சொல்லுங்க. அவங்க புள்ள ஓடிப்போனவன் இல்லன்னு உங்க வாயால சொல்லணும். தெனம் வாசல்ல நின்னு சொல்லிக்கினு கீறாங்க."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அந்தக் கிழவி வாயை அடைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று உள்ளுக்குள் ஒரு வேகம்கூட இருந்தது. சிட்டிபாபுவைத் தூக்கி வேனில் உட்கார வைத்தேன்.

பொன்னியம்மாள் முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். சிட்டிபாபு அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். தழை ஒட்டிக்கொண்டு வந்ததை, வீசினதை, பொய் சொன்னதை. அவள் புளியங்கொட்டையைத் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் முடித்த பிறகும் அவனைத் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. நான் எதிர்பார்த்தது எதுவுமே நடக்கவில்லை.

"கேட்டிங்களா அத்தே" என்றாள் கன்னிகா. அவள் குரல் கெஞ்சுவது போல் இருந்தது. "அவரு ஓடல அத்தே. நம்மள உட்டுட்டு எங்கயும் போவல."

பொன்னியம்மாள் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தாள். சிட்டிபாபுவைப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்தாள்.

"இவன ஏன்டி இட்டுக்கினு வந்த?"

கன்னிகாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"ஊரே செத்துட்டான்னு சொல்லிடுமோன்னுதான்டி நான் வாசல்ல நின்னுக்கினு கத்தினேன். ஓடிட்டான் ஓடிட்டான்னு" என்றாள் பொன்னியம்மாள். "ஓடிப்போனவன்னா ஒருநாள் வருவான்டி."